பழைய போனுக்குப் புது அப்டேட் போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

பழைய ஸ்மார்ட்போனை வைத்துக்கொண்டு ‘அப்டேட் போடலாமா, வேண்டாமா’ என்று கேட்டு வடசென்னை வாசகர்கள் எழுதியவற்றை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம். அடுத்த முறை எழுதும்போது போன் மாடல், ரேம், ஆண்ட்ராய்டு எண் மூன்றையும் குறிப்பிடுங்கள். ‘சாம்சங் போன், பழசு’ என்று மட்டும் எழுதினால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கே: 2020-ல் வாங்கிய போன். 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. ஸ்டோரேஜ். ஆண்ட்ராய்டு 11-ல் ஓடுகிறது. 12-க்கு மாறச் சொல்லி ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது. போட்டால் போன் ஸ்லோவாகிவிடும் என்று கூட வேலை செய்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். ஜிபே, பேங்க் ஆப் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.
— ஜவுளிக்கடை ஊழியர், எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

ப: போடுங்கள். ஆனால் ஸ்டோரேஜைக் காலி செய்த பிறகு.

அப்டேட் என்று ஒரே பெயரில் மூன்று சமாச்சாரங்கள் வருகின்றன. முதலாவது செக்யூரிட்டி பேட்ச். போனின் முகத்தை மாற்றாது, வேகத்தையும் பெரிதாகத் தொடாது, ஓட்டைகளை மட்டும் அடைக்கும். 2015-ல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை வெளியே வந்தது. ஒரு எம்.எம்.எஸ். வீடியோவை அனுப்பியே போனுக்குள் நுழைய முடியும் என்ற நிலை. அந்த ஆகஸ்ட் மாதத்திலிருந்துதான் கூகுள் மாதாமாதம் பேட்ச் வெளியிடத் தொடங்கியது. இதைப் போடலாமா என்று யோசிக்கவே தேவையில்லை.

இரண்டாவது, ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’. ஆண்ட்ராய்டு 10-லிருந்து வந்த வசதி. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் ஒளிந்திருக்கும். தானாக ஏறாவிட்டால் நாமே தேடிப்போய்த் தட்டி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பலர் போன் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்லை. இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் உங்கள் பிரச்சினை: 11-லிருந்து 12-க்குத் தாவுவது. இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். உங்கள் மாடலுக்கு 12 வந்துவிட்டால், அதன் பிறகு பேட்ச் எல்லாம் 12-க்குத்தான் வரும். 11-க்கென்று தனியாகக் கம்பெனிகள் பெரும்பாலும் தயாரிப்பதில்லை. ‘வெர்ஷன் வேண்டாம், பேட்ச் மட்டும் போதும்’ என்று நீங்கள் நினைத்தாலும் அது கிடைக்காது. செட்டிங்ஸ், அபவுட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று போனால் ‘செக்யூரிட்டி பேட்ச் லெவல்’ என்று ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி இரண்டு மூன்று வருடம் பின்தங்கியிருந்தால், பேங்க் ஆப் வைத்திருக்கும் போனுக்கு அது நல்லதல்ல.

சரி, ஸ்லோ ஆகுமா? உங்கள் ஸ்டோரேஜ் 60 ஜி.பி. வரை நிரம்பியிருந்தால் கண்டிப்பாக ஆகும். போனின் மெமரி சிப்பில் ஏற்கெனவே இருப்பதன் மேலேயே எழுத முடியாது. அந்தப் பகுதியை முதலில் அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் இல்லையென்றால் சிப் இருப்பதை அங்கும் இங்கும் நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு எழுதும். நீங்கள் ஆப்பைத் தொட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடி அங்கேதான் போகிறது. விலை குறைந்த போன்களில் இருக்கும் இ.எம்.எம்.சி. வகைச் சிப்பில் இது அப்பட்டமாகத் தெரியும். குறைந்தது 10 ஜி.பி. காலியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று போங்கள். 5 எம்.பி.க்கு மேற்பட்ட ஃபைல்களும் பலமுறை ஃபார்வர்டு ஆனவையும் தனித்தனியாக வரிசை கட்டி நிற்கும். ‘குட் மார்னிங்’ வீடியோக்களை அழித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ரேமுக்கு ஒரு சின்னப் பரிசோதனை: வாட்ஸ்அப்பில் பாதி மெசேஜ் டைப் செய்துவிட்டு ஜிபேவுக்குப் போங்கள், பிறகு கேமராவைத் திறங்கள், திரும்ப வாட்ஸ்அப்புக்கு வாருங்கள். விட்ட இடத்திலேயே இருந்தால் ரேம் தாங்கும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து திறந்தால் புது வெர்ஷனில் இன்னும் திணறும். எங்கள் கணக்கில் 4 ஜி.பி. என்றால் மாறலாம். 3 ஜி.பி. என்றால் போனில் பணப் புழக்கம் இருந்தால் மட்டும். 2 ஜி.பி. என்றால் வேண்டாம், அந்தப் போனிலிருந்து பேங்க் ஆப்பை எடுத்துவிடுவதே மேல். ‘வர்ச்சுவல் ரேம்’ என்று செட்டிங்ஸில் கூட்டிக்கொள்ளும் வசதியை நம்பாதீர்கள். அது ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. மெதுவான சிப் உள்ள போனில் உபத்திரவம்தான்.

ஒன்று மட்டும்: மாறிவிட்டால் திரும்பி வர வழியில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தம்புதிதாக வந்த வெர்ஷன் என்றால் மூன்று நான்கு வாரம் பொறுக்கச் சொல்லியிருப்போம். உங்களுடையது வந்து நாளாகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

கே: அப்டேட்டுக்கு முன்னால் எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்? போட்டோ, நம்பர் எல்லாம் அழிந்துபோகுமா?
— இல்லத்தரசி, புது வண்ணாரப்பேட்டை

ப: முறையான அப்டேட் எதையும் அழிக்காது. ஏதாவது ஏடாகூடமாகி, ரீசெட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தால்தான் போகும். அதற்காகத்தான் பேக்கப்.

போட்டோவுக்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்: போனின் பின் நம்பர் அல்லது பேட்டர்ன், கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு. அப்டேட் முடிந்து போன் ரீஸ்டார்ட் ஆனதும் கைரேகை வேலை செய்யாது. உள்ளே இருக்கும் தகவல்கள் பூட்டியிருக்கும், பின் நம்பரைப் போட்டால்தான் பூட்டு திறக்கும். வருடக்கணக்காக விரலை மட்டுமே வைத்துப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் முழிக்கிறார்கள். பின் நம்பர் மறந்து ரீசெட் செய்தால் அடுத்து கூகுள் பாஸ்வேர்டைக் கேட்கும். அதுவும் மறந்திருந்தால் போன் கையில் இருந்தும் பயனில்லை.

வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குப் போனுக்குள்ளேயே ஒரு பேக்கப் எடுக்கிறது. ஃபைல் மேனேஜரில் ‘ஆண்ட்ராய்டு’, அதற்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸ்அப் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாகக் கம்ப்யூட்டருக்கோ, போனில் நேரடியாகச் செருகும் ஓ.டி.ஜி. பென் டிரைவுக்கோ காப்பி செய்யுங்கள். கூகுள் டிரைவ் பேக்கப்பை மட்டும் நம்பியிருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். 2024-லிருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் இலவச 15 ஜி.பி. கணக்கில் சேர்ந்துவிட்டது. இடம் நிரம்பியதும் பேக்கப் நின்றுவிடும். பலர் அதைக் கவனிப்பதில்லை. இடம் போதவில்லையென்றால் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காதீர்கள்.

நம்பர்கள் எங்கே சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ‘போன்’ என்று இருப்பவைதான் ரீசெட்டில் போகும். அவற்றைக் கூகுள் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். போட்டோவைப் பென் டிரைவுக்கு ஏற்றியதும், அதிலிருந்து நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் போனில் அழியுங்கள். மறுநாள் காலையில் ஓ.டி.பி. தேவைப்படும் வேலை இருந்தால் முந்தின இரவு அப்டேட்டைத் தொடாதீர்கள். டேட்டா விஷயத்தில் ஒரு யோசனை: தினம் 1.5 ஜி.பி. பேக் என்றால் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட அப்டேட் பாதியில் நிற்கும், பயப்பட வேண்டாம். நள்ளிரவு 12-க்குப் பிறகு புது டேட்டா வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கே: விசைப்படகில் வேலை. போனில் சார்ஜ் ஏறுவது விட்டுவிட்டுத்தான். பாதி அப்டேட்டில் ஆஃப் ஆனால் போன் டெட் ஆகிவிடும் என்கிறார்களே?
— காசிமேடு வாசகர்

ப: எல்லாப் போனும் அப்படி ஆகாது. இப்போதைய பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சிஸ்டத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. நீங்கள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதியது இன்னொன்றில் எழுதப்படும்; ரீஸ்டார்ட்டில் அதற்கு மாறும், கிளம்பவில்லையென்றால் பழையதற்கே திரும்பிவிடும். சாம்சங்கின் பழைய மாடல்கள் பலவற்றில் ஒரே இடம்தான். அவை ரீஸ்டார்ட் ஆகி, திரையில் ஒரு கோடு நிரம்புவதைக் காட்டிக்கொண்டு பத்து இருபது நிமிடம் நிற்கும். ஆபத்து அந்த நிமிடங்களில்தான். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம்: டவுன்லோடு ஆன பிறகும் போனைப் பயன்படுத்த விட்டுக்கொண்டே ‘இன்ஸ்டால் ஆகிறது’ என்று காட்டினால் அது இரண்டு இடம் உள்ள போன்.

வீட்டில் கரண்ட் போவது பிரச்சினை இல்லை, பேட்டரி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் சார்ஜிங் பின்னையும் பேட்டரியையும்தான் பார்க்க வேண்டும். டார்ச் அடித்துச் சார்ஜிங் ஓட்டைக்குள் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி படிந்திருந்தால் அது உப்பின் வேலை. ஈரமும் உப்பும் இருக்கும்போது கேபிளைச் செருகினால், ஓடும் கரண்ட்டே அந்தச் சின்னச் சின்னத் தகடுகளை அரித்துவிடும். ஆகவே கரைக்கு வந்ததும் நன்றாகக் காயவிட்ட பிறகே சார்ஜ் போடுங்கள். சுத்தம் செய்ய: போனை ஆஃப் செய்யுங்கள். மெல்லிய பிரஷில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் தொட்டு, உள்ளே மெதுவாகத் தேய்த்து, அரை மணி நேரம் ஓட்டை கீழே பார்க்கும்படி வையுங்கள். ஊக்கு, ஊசி கூடவே கூடாது.

பிறகு கேபிளைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். இன்னமும் விட்டுவிட்டு ஏறினால் முதலில் சார்ஜிங் போர்டை மாற்றுங்கள். பல மாடல்களில் அது மெயின் போர்டிலிருந்து தனியாக இருக்கும் சின்னத் துண்டு, அதிகம் செலவாகாது. பேட்டரிக்கு, முழுதாகச் சார்ஜ் செய்து ஒரு மணி நேரம் வீடியோ ஓட விடுங்கள். சதவீதம் ஒவ்வொன்றாக இறங்காமல் 45-லிருந்து 30-க்குக் குதித்தால் பேட்டரி முடிந்துவிட்டது. அதோடு அப்டேட் போடுவது விஷப்பரீட்சை. பின்மூடி உப்பியிருந்தால் அப்டேட் இருக்கட்டும், சார்ஜே போடாதீர்கள்.

எல்லாம் சரியென்றால் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றி, கரையில் இருக்கும்போது போடுங்கள். கடலுக்குப் போவதற்கு முந்தின நாள் வேண்டாம். மேப், ஜி.பி.எஸ். ஆப்கள் அப்டேட்டுக்குப் பிறகு லொகேஷன் அனுமதி கேட்கலாம்; நெட் இல்லாத இடத்தில் அவை திறக்கின்றனவா என்பதை டேட்டாவை ஆஃப் செய்து கரையிலேயே பார்த்துவிடுங்கள்.

கே: செகண்ட் ஹேண்டில் ஐபோன் எக்ஸ்ஆர் வாங்கினேன். பேட்டரி ஹெல்த் 76 சதவீதம், ஐ.ஓ.எஸ். 17. அப்டேட் செய்யலாமா?
— கல்லூரி மாணவர், பெரம்பூர்

ப: முதலில் பேட்டரி, பிறகு அப்டேட். 80-க்குக் கீழே போன பேட்டரி திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது கொடுக்க முடியாமல் போனை அணைத்துவிடக்கூடும். அதைத் தடுக்க ஐ.ஓ.எஸ். பிராசசர் வேகத்தைக் குறைக்கிறது. 2017-ல் பழைய ஐபோன்களில் சத்தமில்லாமல் இப்படிச் செய்ததை ஆப்பிள் அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் 2018-ல் ஐ.ஓ.எஸ். 11.3-ல் ‘பேட்டரி ஹெல்த்’ பக்கமே வந்தது. ‘அப்டேட் போட்டேன், போன் படுத்துவிட்டது’ என்கிற ஐபோன்காரர்களில் பலருக்குப் படுத்தது பேட்டரிதான். கடையில் மாற்றும்போது எந்தப் பேட்டரி என்று கேளுங்கள். எக்ஸ்ஆர் முதலான மாடல்களில் அசல் இல்லாத பேட்டரி போட்டால் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று செட்டிங்ஸில் வந்து நிற்கும்.

எக்ஸ்ஆருக்கு ஐ.ஓ.எஸ். 18 வரைதான். 2025 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ். 26 ஐபோன் 11-லிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஆக 18-க்குப் போவதில் தயக்கம் வேண்டாம். போன பிறகு 17-க்குத் திரும்ப முடியாது. பழைய வெர்ஷனுக்கு ஆப்பிளின் சர்வர் ஒப்புதல் தராது.

அப்டேட்டைவிட முக்கியமான ஒன்று: செட்டிங்ஸில் மேலே இருக்கும் ஆப்பிள் ஐ.டி. உங்களுடையதுதானா? பழைய உரிமையாளருடைய ஐ.டி. இருந்து, அப்டேட் சிக்கி ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால், அவர் பாஸ்வேர்டு இல்லாமல் போன் திறக்காது. இன்றைக்கே விற்றவரைப் பிடித்து நீக்கச் சொல்லுங்கள்.

கே: அப்டேட் போட்டு மூன்று நாள் ஆகிறது. போன் சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை. கடையில் ‘சாஃப்ட்வேர் அடிக்கணும், 800 ரூபாய்’ என்கிறார்கள்.
— ஆட்டோ ஓட்டுநர், வியாசர்பாடி

ப: 800 ரூபாயைப் பையிலேயே வையுங்கள். அப்டேட் ஆனதும் போன் எல்லா ஆப்களையும் புது சிஸ்டத்துக்கேற்ப மறுபடி தயார் செய்கிறது, போட்டோ வீடியோக்களை மறுபடி அட்டவணை போடுகிறது. சார்ஜரில் போட்டுத் திரை அணைந்திருக்கும் நேரத்தில்தான் இதில் பெரும்பகுதி நடக்கும். நாள் முழுக்க மேப்பை ஓட விட்டு, வண்டியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தால் அந்த வேலை முடியவே முடியாது. இரண்டு இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டு, வைஃபை அல்லது டேட்டாவை ஆனில் விடுங்கள்.

பிறகு பிளே ஸ்டோரில் எல்லா ஆப்பையும் அப்டேட் செய்யுங்கள். ஆப்களுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்று ஒன்று இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். ஆப்கள் திறந்ததும் மூடிக்கொள்வதற்கு அது பழசாக இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கும் மசியவில்லையென்றால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் எந்த ஆப் அதிகம் தின்கிறது என்று பார்த்து, அதை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். சில போன்களில் ரிக்கவரி மெனுவில் ‘வைப் கேஷ் பார்டிஷன்’ என்று இருக்கும். அதைச் செய்யலாம், ஆனால் கண்ணை அகல விரித்துக்கொண்டு செய்யுங்கள். பக்கத்து வரியிலேயே ‘வைப் டேட்டா’ இருக்கிறது, விரல் தவறினால் எல்லாம் போயிற்று.

கடைக்காரர் சொல்லும் ‘சாஃப்ட்வேர் அடிப்பது’ முழு சிஸ்டத்தையும் மறுபடி ஏற்றுவது. பெரும்பாலும் தகவல்கள் அழியும். ஜிபே, போன்பேயை மறுபடி பதிய வேண்டும். பதிந்த முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. ‘பழைய வெர்ஷனையே போட்டுத் தருகிறேன்’ என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது. பல போன்களில் பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பூட்டு இருக்கிறது. 2018-ல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் அந்தப் பூட்டு வந்தபோது, தெரியாமல் பழைய மென்பொருளை ஏற்றியவர்களின் போன்கள் உயிரற்றுப் போயின.

கே: ‘ஆண்ட்ராய்டு நியூ அப்டேட்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஏ.பி.கே. ஃபைல் வந்தது. என் தம்பி இன்ஸ்டால் செய்துவிட்டான்.
— தண்டையார்பேட்டை வாசகி

ப: ஏ.பி.கே. என்பது ஒரு ஆப்பை நிறுவும் ஃபைல். ஆண்ட்ராய்டு அப்டேட் ஒருபோதும் அப்படி வராது, செட்டிங்ஸ் வழியாக மட்டும்தான். இந்த ஃபைல்கள் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி வாங்கி ஓ.டி.பி.யை வெளியே அனுப்புபவை. டேட்டா, வைஃபை இரண்டையும் உடனே அணைக்கச் சொல்லுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்குப் பேசி யு.பி.ஐ., நெட் பேங்கிங், கார்டை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை வழியிலேயே மறிக்க வாய்ப்பு உண்டு.

பிறகு, நாம் நிறுவிய ஆப்கள் ஓடாத சேஃப் மோடில் போனைத் திறந்து, செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின் இரண்டிலும் அந்த ஆப்பின் அனுமதியை நிறுத்திவிட்டு நீக்குங்கள். அழைப்புகள் வேறு நம்பருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். ##002# அழுத்தினால் ரத்தாகும். போட்டோவை எடுத்துக்கொண்டு ரீசெட் செய்துவிடுவதே நிம்மதி. பாஸ்வேர்டுகளை வேறு கருவியில் மாற்றுங்கள். தம்பியைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கே: அம்மாவின் போன் ஆண்ட்ராய்டு 9. அப்டேட்டே வருவதில்லை. போன் நன்றாகத்தான் ஓடுகிறது. தூக்கிப் போட வேண்டுமா?
— திருவொற்றியூர் வாசகர்

ப: பேசவும் வீடியோ காலுக்கும் வைத்துக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழ் உள்ளவற்றைத்தான் கைவிட்டது. ஆனால் குரோம் 138-ஓடு 9-க்கு நிறுத்திக்கொண்டது. பிரவுசர் பழையதாகிக்கொண்டே போகும் போனில் லிங்க்குகளைத் தட்டுவது சரியல்ல. அம்மாவின் பென்ஷன் வரும் அக்கவுன்ட்டை அந்தப் போனிலிருந்து பிரித்துவிடுங்கள். யு.பி.ஐ. வேண்டுமென்றால் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, காய்கறிச் செலவுக்கு இரண்டாயிரம் ரூபாய் மட்டும் அதில் போட்டு, அதை இணையுங்கள். பிளே ஸ்டோரில் இல்லாத எதையும் நிறுவ முடியாதபடி, ‘இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்’ பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதியை நீக்கிவிடுங்கள்.

கே: ஓட்டலில் பில் போடும் போனை அப்டேட் செய்ததிலிருந்து புளூடூத் பிரின்டர் கண்ணுக்கே தெரியவில்லை.
— ராயபுரம் வாசகர்

ப: ஆண்ட்ராய்டு 12-லிருந்து புளூடூத்துக்கு ‘நியர்பை டிவைசஸ்’ என்ற தனி அனுமதி வந்திருக்கிறது. பில்லிங் ஆப்பை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ, பெர்மிஷன்ஸ் போய் அதை அனுமதியுங்கள். போதவில்லையென்றால் புளூடூத் பட்டியலில் பிரின்டரை ‘ஃபர்கெட்’ செய்து மறுபடி இணையுங்கள். இந்த வகைப் பிரின்டர்களில் பெரும்பாலும் 0000 அல்லது 1234 கேட்கும். ஆப் மிகப் பழையது என்றால் நீக்கிவிட்டு மறுபடி போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 14-ல், ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய காலத்துக்காகச் செய்த ஆப்களைப் புதிதாக நிறுவ விடாது. ஏற்கெனவே இருப்பது மட்டும் ஓடும். தொழிலுக்கு வைத்திருக்கும் போனில் ‘ஆட்டோ டவுன்லோடு’ அப்டேட்டை ஆஃப் செய்து, கடை விடுமுறை நாளில் நீங்களாகவே போடுவது நல்லது.

கே: 2021-ல் வாங்கிய 5ஜி போன். இன்னமும் 4ஜி என்றே காட்டுகிறது. அப்டேட்டே போட்டதில்லை.
— கொளத்தூர் வாசகர்

ப: போடுங்கள், அதுதான் மருந்து. நம் நாட்டில் 5ஜி 2022 அக்டோபர் 1-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் விற்ற போன்கள் பலவற்றில் 5ஜி-யைத் திறந்துவிட்டதே பிறகு வந்த அப்டேட்தான். போட்டதும் மொபைல் நெட்வொர்க்கில் ‘5ஜி ஆட்டோ’ தேர்ந்தெடுங்கள். 4ஜி சிம்மை மாற்றத் தேவையில்லை. ஜியோ என்றால், 4ஜி-யின் துணையில்லாமல் தனியாக இயங்கும் ‘எஸ்.ஏ.’ வகை 5ஜி-யைப் போன் ஏற்கிறதா என்று பாருங்கள். இல்லாத மாடலுக்கு ஜியோ 5ஜி வராது.

கே: அப்டேட் போட்டால் திரையில் பச்சைக் கோடு விழுமாமே?
— கொருக்குப்பேட்டை வாசகி

ப: கோடு விழுவது ஆமோலெட் திரையிலோ அதை போர்டோடு இணைக்கும் மெல்லிய ரிப்பனிலோ ஏற்படும் கோளாறு. மென்பொருளை மாற்றி அதை அழிக்க முடியாது. ஆனால் அப்டேட்டின்போது போன் நெடுநேரம் சூடாகவே இருக்கும். ஏற்கெனவே பலவீனமான திரைக்கு அது நல்லதில்லை. கத்திரி வெயிலில், ஷீட் போட்ட வீட்டில், மதியம் 2 மணிக்கு, கவரோடு சார்ஜரில் போட்டு அப்டேட் செய்யாதீர்கள். கவரைக் கழற்றி, விடியற்காலையில், ஃபேனுக்குக் கீழே வைத்துச் செய்யுங்கள். கோடு விழுந்துவிட்டால் வெளிக்கடையில் பிரிக்கவிடாமல் முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். சில மாடல்களுக்கு வாரன்ட்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பிரித்த போனுக்கு அது கிடைப்பது கஷ்டம்.

கே: கம்பெனி அப்டேட் நின்றுவிட்டது. லினியேஜ் ஓ.எஸ். போடலாமா?
— பாலிடெக்னிக் மாணவர், எண்ணூர்

ப: லினியேஜ் என்பது போன் கம்பெனி தராத, தன்னார்வலர்கள் தயாரிக்கும் ஆண்ட்ராய்டு. இரண்டாவது போனாக இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே போன் என்றால் வேண்டாம். போனைக் கிளப்பும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போதே எல்லாம் அழியும். பேங்க் ஆப்கள் பல ஓட மறுக்கும். ஓ.டி.டி. படங்கள் எச்.டி. தரத்தில் வராமல் போகலாம். ஜியோ சிம் வைத்திருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, பேச்சு முழுக்க 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டியில்தான். நீங்கள் ஏற்றும் ஓ.எஸ்.ஸில் வோல்ட்டி வேலை செய்யாவிட்டால் நெட் வரும், போன் பேச முடியாது. உங்கள் மாடலின் குறியீட்டுப் பெயருக்கு அதிகாரப்பூர்வமான பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘கிட்டத்தட்ட அதே மாடல்’ என்று வேறொன்றை ஏற்றினால் எழுந்திருக்காது.

கே: பேத்தி அனுப்பும் ஈமோஜி எஸ்.எம்.எஸ்.ஸில் வெறும் கட்டமாகத் தெரிகிறது. வாட்ஸ்அப்பில் சரியாக வருகிறது. இதற்காக அப்டேட் செய்யலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மணலி

ப: வாட்ஸ்அப் தன் ஈமோஜிகளைத் தானே கொண்டுவருகிறது, எஸ்.எம்.எஸ். ஆப் பெரும்பாலும் போனில் இருக்கும் எழுத்துருவைப் பார்த்துக் காட்டுகிறது, அதில் புதியவை இல்லை. இதற்காக மட்டும் அப்டேட் தேவையில்லை ஐயா, பேத்தியை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.